நினைவு உலோகப் படலம்: சப்ஸ்ட்ரேட் அனுப்பும் முன் ஒரு மடல்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு மாணவர் நாங்கள் பூசிக் கொடுத்த நிக்கல்-டைட்டானியம் படலத்தோடு பட்டறைக்கு வந்தார். சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நினைவு உலோகம் அது. "சார், ஹாட் பிளேட்ல வச்சு எவ்வளவு சூடு பண்ணியும் அசையல. இதுக்கு ஞாபக மறதியா?" சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி நியாயமானது. செலவைக் குறைக்க அனீலிங் (பூசிய பின் சூடாக்கிப் பதப்படுத்துவது) வேண்டாம் என்று அவர் ஆர்டரிலேயே எழுதியிருந்தார். அதன் விளைவு என்ன என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் பூசும் ஸ்பட்டரிங் முறையில் ஆர்கான் அயனிகள் டார்கெட்டை, அதாவது பூச வேண்டிய உலோகத்தின் தட்டை, மோதி அணுக்களைத் தெறிக்க விடுகின்றன. குளிர்ந்த சப்ஸ்ட்ரேட்டில் (படலம் பூசப்படும் தளத்தில்) விழும் அணு, விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். வரிசை இருக்காது, கண்ணாடி மாதிரி ஒரு கலவரம்தான். நினைவு என்பதே படிக அமைப்பு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, திரும்பி வருவது. படிகமே இல்லாதபோது எது மாறும்? வெற்றிடத்தில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் வைத்தால்தான் அணுக்கள் வரிசைக்கு வரும். இனி அனீலிங் தனிக் கட்டணம் கிடையாது, பூச்சுக் கூலியிலேயே சேர்ந்துவிடும்.

சரி, எல்லாவற்றையும் 500-க்குக் கொண்டுபோய்விடலாமா? அங்கேதான் சப்ஸ்ட்ரேட் குறுக்கே வரும். பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் ஷீட் அந்தச் சூட்டில் கருகிப்போகும். சாதாரண மைக்ராஸ்கோப் ஸ்லைடும் அந்த அளவில் தடுமாறும். சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தகடு) சூட்டைத் தாங்கும், ஆனால் நிக்கல் அதற்குள் ஊடுருவி, சிலிக்கானோடு சேர்ந்து சிலிசைடு ஆகிவிடும். படலத்தின் கலவை கெட்டுவிடும். அதனால் மேலே ஆக்சைடு அடுக்கு உள்ள வேஃபராகப் பார்த்து வாங்குங்கள்.

கலவைக்கு ஏன் இத்தனை பாடு என்றால், நூறு அணுவில் நிக்கல் ஒன்று கூடினாலே, மாற்றம் நடக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 100 டிகிரி இறங்கிவிடும். ரசத்தில் உப்பு கூடினால் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம், இதில் அந்த வழி இல்லை. போதாக்குறைக்கு, டார்கெட்டில் இருக்கும் விகிதத்தில் டைட்டானியம் படலத்துக்கு வந்து சேராது, குறையும். டார்கெட்டின் மேல் சின்னச் சின்ன டைட்டானியம் துண்டுகளை வைத்துத்தான் சரிக்கட்டுகிறோம். ஒரு துண்டு நகர்ந்தாலும் கணக்கு மாறும்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி மழையில், பூச்சு நடக்கும் வெற்றிடச் சேம்பரைத் திறந்து வேலை பார்த்துவிட்டு அவசரமாக மூடினோம். புதுச்சேரிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சுவரெல்லாம் ஈரம். வெற்றிடம் முழுசாக இறங்கும் முன்பே பூசிவிட்டோம். டைட்டானியத்துக்கு ஆக்சிஜன் என்றால் உயிர். இருந்த ஈரத்திலுள்ள ஆக்சிஜனையெல்லாம் பிடித்துக்கொண்டதால் படலம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டது. அந்த வேலைக்குப் பணம் வாங்கவில்லை. மழைக்காலத்தில் இரண்டு நாள் தாமதம் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். சேம்பரைச் சூடாக்கி இரவு முழுக்கப் பம்ப் ஓடவிட்டுத்தான் இப்போது தொடங்குகிறோம்.

இன்னொரு வேண்டுகோள். வேஃபரைச் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பாதீர்கள். போன முறை ஒன்றில் கட்டைவிரல் ரேகை தெளிவாக இருந்தது. கழுவியும் முழுசாகப் போகவில்லை. பூசி எடுத்தபோது சரியாக அந்த ரேகை இருந்த இடத்தில் மட்டும் படலம் வெங்காயத் தோல்போல உரிந்து வந்தது. வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்புங்கள். நீங்களாகத் துணியால் துடைக்கவும் வேண்டாம்.

வேஃபர் லேசாக வளைந்து வந்தால் பதறாதீர்கள். அனீலிங் முடிந்து ஆறும்போது படலம் சிலிக்கானைவிட அதிகமாகச் சுருங்குவதால் இழுக்கிறது. இன்னும் குளிர்ந்து மாற்ற வெப்பநிலைக்குக் கீழே போனால் இழுவிசை தளர்ந்து வளைவு குறையும், சூடாக்கினால் மறுபடி வளையும். மெல்லிய வேஃபரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படி நடந்தால் படலம் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்த ஆர்டரில் சப்ஸ்ட்ரேட் என்ன, படலம் எத்தனை மைக்ரான், எந்தச் சூட்டில் அசைய வேண்டும் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். கூடவே உதிரியாக ஒரு துண்டும் வையுங்கள். முதலில் அதில் போட்டுப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
பூச்சுப் பட்டறையினர்,
மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி