ஸ்பிரிங்கை மாற்றுவது பாதி வேலைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படம் பிரமாதம். டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெளி மார்க்கெட் ஸ்பிரிங்கைப் போட்டால் 30 மி.மீ. இறங்கிவிடும், வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும் என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டீர்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்தேன். நாலு ஸ்பிரிங், ஒரு பட்டறை, ஒரு மத்தியானம், வேலை முடிந்தது. முதல் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் சாலையில் சின்ன மேடு வந்தாலே முன்பக்கம் 'டக்' என்று ஒரு அடி விழ ஆரம்பித்தது, வளைவின் நடுவில் ஒரு ஒட்டுப்போட்ட இடத்தைத் தாண்டும்போது முன்சக்கரம் ஒரு கணம் வெளியே நழுவியது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அண்ணன் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "காரை இறக்கினியா, என்னை இறக்கினியா?" என்று கேட்டார்.

கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரின் கம்பியில் மஞ்சளாக ஒரு நுரை உருளை மாட்டியிருக்கும், சக்கரம் ஒரேயடியாக மேலேறி இடிக்காமல் தடுக்க, பம்ப் ஸ்டாப் என்பார்கள். விரல் பட்டதும் அது காய்ந்த ரொட்டி போல உதிர்ந்தது. என் காரில் கம்பெனி உயரத்தில் சக்கரம் 45 மி.மீ. மேலேறிய பிறகுதான் அதைத் தொடும். 30 மி.மீ. இறக்கியதும் மிச்சம் இருந்தது 15 மி.மீ. அதாவது கொஞ்சம் வேகமாக வளைந்தாலே வெளிப்பக்க ஷாக் அந்த நுரையில் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த நொடியில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு ஏறும், டயர் தாங்காமல் நழுவும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது 1989-ல் வந்த அந்தக் குட்டி கார், வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், முதலிலேயே சக்கரம் ஏறி இறங்கும் தூரம் குறைவான அந்தக் காரில் இது பழைய கதை. பம்ப் ஸ்டாப்பை ஸ்பிரிங் தயாரிப்பாளர் சொல்கிற அளவுக்கு வெட்ட வேண்டும், அல்லது உடல் குட்டையான ஷாக் போட வேண்டும். எனக்கு வேலை செய்த பட்டறையில் இரண்டையும் யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஷாக்கைப் பற்றி இன்னொன்று. தாழ்த்தும் ஸ்பிரிங் குட்டையாக மட்டும் இருந்தால் அடி தட்டும் என்பதால் விறைப்பாகவும் செய்கிறார்கள். ஸ்பிரிங் கம்பியின் தடிமன் 12 மி.மீ.-லிருந்து 13 ஆனாலே, மற்ற அளவுகள் மாறாவிட்டால், விறைப்பு ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடும், தடிமன் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. ஸ்பிரிங் 30 சதவீதம் விறைத்தால் அதை அடக்குகிற ஷாக்கும் சுமார் 14 சதவீதம் பலமாக இருந்தால்தான் பழைய அடக்கம் கிடைக்கும். பழைய ஷாக், அதுவும் நிறைய கிலோமீட்டர் ஓடிக் களைத்தது என்றால், கார் ஒரு மேட்டைத் தாண்டிவிட்டு மறுபடி ஒருமுறை குதித்துவிட்டுத்தான் நிற்கும்.

சரி, உயரம் குறைந்த லாபம் எவ்வளவு? காரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 500 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. இறக்கும்போது வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறுகிற எடை 6 சதவீதம் குறைகிறது. நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கே சக்கரத்தை மேலே பிடித்து நிறுத்தும் அமைப்பு, உள்ள காரில் ஒரு சிக்கல் இருக்கிறது, கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தும் அது கிடைக்கவில்லை. காரைத் தரையில் நிறுத்தி முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். கம்பெனி உயரத்தில் பெரும்பாலும் அது சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்திருக்கும். தாழ்த்தினால் மட்டமாகும், இன்னும் தாழ்த்தினால் சக்கரப் பக்கம் மேல்நோக்கி நிற்கும். அந்தச் சரிவு மாற மாற, உடம்பு எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் காரைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. கார் 30 இறங்கினால் அது 60 இறங்கலாம். புவியீர்ப்பு மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் இடையேயான தூரம்தான் காரைச் சாய்க்கிற நெம்புகோல், அது நீண்டுவிட்டது! விறைப்பான ஸ்பிரிங் போட்ட பிறகும் "இன்னும் சாய்கிறதே" என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் அனுபவிக்கிறார்கள்.

இதற்கு மருந்து, லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் குமிழ் மூட்டை, அதாவது பால் ஜாயின்ட்டை, கழுத்து நீண்டதாகப் போடுவது. லோயர் ஆர்மின் வெளிமுனையை அது மறுபடி கீழே இறக்கி வைக்கும். அதை மட்டும் போட்டுவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடை அப்படியே விட்டாலும் வம்பு, ஏனென்றால் இரண்டும் ஒரே சாய்வில் ஏறி இறங்காவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும், ஸ்டீயரிங் கையில் துடிக்கும். ஆகவே டை ராடு முனையும் அதே அளவு இறங்க வேண்டும்.

அலைன்மென்ட் விஷயத்தில் எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைத் திட்டுகிறார்கள். தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பு தேயும், உண்மைதான். ஆனால் டயரை நிஜமாகத் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து கால் டிகிரி விலகி நின்றாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது, மாதக்கணக்கில் ஓடினால் எவ்வளவு ரப்பர் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2012-ல் வந்த டொயோட்டா 86 போன்ற காரில் பின்பக்க டோவைத் திருத்தலாம், கேம்பரைத் திருத்தக் கம்பெனியில் வழியே கிடையாது, நீளம் மாற்றக்கூடிய லோயர் ஆர்ம் தனியாக வாங்க வேண்டும். 2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் போலப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்சில் என்றால், தாழ்த்தியதும் ஆக்சில் மொத்தமும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும், அதற்கு, ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் பான்ஹார்டு ராடு நீளம் மாற்றக்கூடியதாக வேண்டும்.

கடைசியாக ஒரு காசும் செலவில்லாத வேலை, அதையும் என் காரில் செய்யவில்லை. லோயர் ஆர்ம் காரில் மாட்டும் இடத்து ரப்பர் புஷ் வெளிக்கூட்டோடும் உள்குழாயோடும் ஒட்டியிருக்கும், அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். கார் லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை என்றாகிவிடும், கீழே இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும். என் புஷ் அப்படித்தான் போனது, விரிசலில் நகம் நுழைந்தது. போல்ட்டைத் தளர்வாக விட்டு, சக்கரங்களில் எடை இறங்கிய பிறகு இறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது முறை நானே கூட நின்று செய்ய வைத்தேன். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டோம், குட்டை ஷாக், வெட்டிய பம்ப் ஸ்டாப், பால் ஜாயின்ட், கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்குச் சரியான நீளத்தில் லிங்க், எல்லாம் ஒரே நாளில் ஏறின. ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிந்த பிறகு மறுபடி அளந்தோம், இன்னும் 4 மி.மீ. இறங்கியிருந்தது, அதற்கப்புறம்தான் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் உயரமும். முதல் முறையைவிட 5 மி.மீ. உயரமாகத்தான் கார் நிற்கிறது, வளைவில் முன்பக்கம் இப்போது நழுவுவதில்லை. அண்ணனும் ஏறுகிறார்.

அடுத்த முறை இந்த மாதிரிக் கட்டுரை போடும்போது பக்கவாட்டுப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அந்த உதிர்ந்த பம்ப் ஸ்டாப்பையும் ஒரு மூலையில் போடுங்கள். வேண்டுமென்றால் என்னுடையதையே அனுப்பித் தருகிறேன், ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்