முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்பு மகனுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் முடி மாற்று அறுவை செய்துகொள்ளப் போகிறேன், இந்த வாரம் முன்பணம் கட்டப்போகிறேன் என்றாய். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். பேச்சில் எனக்குக் கோர்வையாக வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

'முடிதானே, விடு' என்று சொல்ல மாட்டேன். எனக்கு 26 வயதில் நெற்றி ஏறத் தொடங்கியபோது உன் தாத்தா அப்படித்தான் சொன்னார். அதற்கப்புறம் வீட்டில் யாரிடமும் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எத்தனையோ வருடம் புகைப்படங்களில் பின்வரிசையில் போய் நின்றிருக்கிறேன். உனக்கு வலிக்கிறது என்றால் அது உண்மையான வலி. அதை என்னிடம் சொன்னாயே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் அறுவையை 25 வயதில், முதல் வேலையாகச் செய்யாதே. காரணம் சொல்கிறேன்.

பின்னந்தலை முடி பெரும்பாலும் கடைசிவரை நிற்கும். அதை எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறுவதில்லை என்பதை 1950களில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் காட்டினார். இன்றுவரை அறுவை அந்த அடிப்படையில்தான் நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், நட்ட முடி நிற்கும், அதைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிற முடி தன் போக்கில் கொட்டிக்கொண்டே போகும். இப்போது முன்வரிசையை நிரப்பிவிட்டு, 35 வயதில் அதற்குப் பின்னால் வெறிச்சென்று ஆனால் என்ன செய்வாய்? மறுபடி எடுக்கப் பின்னந்தலையில் அளவோடுதான் முடி இருக்கிறது. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. உன் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இந்த வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நட்ட முடியும் சில வாரத்தில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.

இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. அதற்கு நம்பத்தகுந்த மருந்துகள் முக்கியமாக இரண்டு.

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு வழக்கமாக 5 சதவீதம், திரவமாகவோ நுரையாகவோ. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடி விலகிப் புதியது வருவதற்கான உதிர்வு அது. பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நான்கிலிருந்து ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். நீ பூனை வளர்ப்பதால் சொல்கிறேன், இந்த மருந்து பூனைக்கு விஷம். தடவிய கையைக் கழுவு, தலையணையில் அதைப் படுக்க விடாதே.

ஃபினாஸ்டரைடு வேறு மாதிரி. ஆண்களின் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் டிஹெச்டி என்ற பொருளாக மாறுகிறது. மரபுவழியில் அதற்கு ஈடுகொடுக்க முடியாத மயிர்க்கால்கள் அதனால் சிறுத்துக்கொண்டே போகின்றன. இந்த மாத்திரை அந்த மாற்றத்தைப் பெருமளவு தடுக்கிறது. 1997இல் 1 மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கு அனுமதித்தார்கள். கொட்டுவதை நிறுத்துவதில் இரண்டில் இதுதான் வலுவானது என்று நினைக்கிறேன். எதை நிறுத்தினாலும் காப்பாற்றிய முடி ஒரு வருடத்துக்குள் போய்விடும், அதையும் தெரிந்துகொள்.

இந்த மாத்திரை விஷயத்தில்தான் உன்னிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. சிறு பங்கு ஆண்களுக்கு ஆசை குறைவது, விறைப்பில் சிரமம் போன்றவை வரும். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும், சிலர் நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்கிறார்கள். அதோடு, 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவு என்று உறுதிசெய்தது. எத்தனை பேருக்கு ஒருவருக்கு வரும் என்று கணக்கிட முடியவில்லை. கல்லூரி இரண்டாம் வருடம் நீ அறையை விட்டு வெளியே வராமல் இருந்த அந்த ஐந்து மாதத்தை நான் மறக்கவில்லை கண்ணா. உனக்கு இந்த மாத்திரையே கூடாது என்று முடிவுகட்ட நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்த ஐந்து மாதத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லாமல் இதை விழுங்காதே. நானாக இருந்தால் உனக்கு மினாக்ஸிடிலில்தான் தொடங்குவேன்.

பிஆர்பி ஊசி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடுவது), லேசர் தொப்பி இரண்டும் துணைக்குத்தான். சிலருக்குக் கொஞ்சம் பலன் தரும், செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை விட்டுவிடு. உடம்பில் அது குறைவாக இல்லாதவருக்குப் பயனில்லை, தைராய்டு பரிசோதனை முடிவையும் குழப்பிவிடும்.

உன் தலையைப் பார்த்தவர் தோல் மருத்துவரா, அறுவை செய்யும் இடத்தின் ஆலோசகரா? நீ சொல்லவில்லை. இரண்டு மாதம் முன்பு உனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டி, தானாகவே திரும்பி வருவதும் உண்டு. இப்போது கொட்டுவதில் எது அது, எது பரம்பரை என்று யாராவது பிரித்துப் பார்த்தார்களா?

முன்பணத்தை இந்த வாரம் கட்டாதே. முதலில் ஒரு தோல் மருத்துவரைப் பார். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி உனக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தால், தேதியை மட்டும் சொல், நான் கிளம்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா