மழை பெய்யாத நாள் வேறு, மழை பதிவாகாத நாள் வேறு

மழையளவையும் வறட்சியையும் கணக்கிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வடகிழக்குப் பருவம் முடிந்ததும் வட்டவாரிச் சராசரி வருகிறது. 'இயல்பு' என்ற ஒரே சொல்லில் இராமநாதபுரத்து மானாவாரி நெல்லின் கணக்கை முடித்துவிடுகிறீர்கள். விதி உங்களுக்குத் தெரியாததல்ல. தொடர்ந்து 3, 4 வாரம் இயல்பில் பாதிகூடப் பெய்யாவிட்டால் அதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேடு.

பருவத்தின் இயல்பு மழை 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் ஒரு புயல் சின்னம் இரண்டே நாளில் 300 கொட்டுகிறது. மற்ற வாரங்களுக்கெல்லாம் சேர்த்து 120. மொத்தம் 420, குறைவு 16 சதவீதம். 19 சதவீதம் வரை இயல்பு என்பதால் தாளில் வறட்சி இல்லை. கண்மாய்ப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் அந்த 300 வரப்பை உடைத்துக்கொண்டு ஓடியதுதான் மிச்சம். புழுதியில் விதைத்த நெல் பொதி கட்டிக் கதிர் தள்ளும் நேரத்தில் மூன்று வாரம் காய்ந்தால் பூ கருகிவிடும். அப்புறம் எவ்வளவு பெய்தாலும் அறுப்பது பதர்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது: வட்டத்தின் உட்பிரிவான குறுவட்டம் (பிர்கா) வாரியாகத் தினசரி மழையளவை வெளியிடுங்கள், பதிவாகாத நாளைப் பதிவாகவில்லை என்றே குறியுங்கள்.

தானியங்கி மழைமானியின் புனலைச் சருகோ பறவை எச்சமோ அடைத்தால் பெய்த மழையும் சுழியமாகும். தேங்கிய நீர் மறுநாள் சொட்டினால் வெயில் நாளில் மழை பதிவாகும். சோதிப்பது எளிது. 200 சதுர செ.மீ. வாயுள்ள மானியில் 200 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றினால் 10 மி.மீ. காட்ட வேண்டும். வேகமாக ஊற்றக் கூடாது. உள்ளே சிறு வாளி நிரம்பிச் சாய்வதை எண்ணித்தான் மானி மழையை அளக்கிறது; அது சாயும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. மாதம் ஒருமுறை இதைச் செய்து தேதி குறிக்க எவ்வளவு செலவாகும்?

2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்ற அறிவிப்பு வந்தது 2017 ஜனவரியில். மாநிலமே காய்ந்தபோதும் பருவம் முடிந்துதான் அறிவிப்பு வந்தது என்றால், ஒரே ஒரு குறுவட்டத்தில் மழை தப்பினால் யார் கண்ணில் படும்? பயிர் கருகியதை அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்குப் பதிவேட்டில்) ஏற்றச் சொல்லி விவசாயி அலைய வேண்டியிருக்கிறது. மழைப் பட்டியலோ இயல்பு என்று அவன் வாயை அடைக்கிறது.

அக்டோபருக்கு முன் மானிகளைச் சோதித்து, பருவம் முடியும்வரை காத்திராமல் குறுவட்டவாரி அளவுகளை அன்றன்றே வெளியிட்டு, வறட்சியை வாரக் கணக்கில் மதிப்பிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மானாவாரி நெல் விவசாயிகள்