பழைய லயத்து மேட்டைத் தள்ளுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கெடா மாநிலத்தின் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயங்களை இடித்து, சனங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. லயம் இருந்த மேட்டில் இப்போது லாலாங் புல்லும், இரண்டு மாமரமும், உடைந்த குழாய் மேடையும்தான் மிச்சம். குடியிருப்பவை முள்ளம்பன்றிகள். நெல் வயலை ஒட்டிய சரிவில் பெருச்சாளி வளைகள். அந்த மேட்டை வீடமைப்புக்காகத் தள்ளிச் சமன் செய்யப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அதற்குள் அங்கே மண்ணில் கிடக்கும் பழைய பொருள்களைப் பொறுக்கிப் பள்ளியில் காட்சிக்கு வைக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முள்ளம்பன்றி ராத்திரியில் வளை பறித்து, மண்ணை வாசலிலேயே வாரி இறைத்துவிடும். ஒரு மழை பெய்தால் போதும், மண் கரைந்து உள்ளே கிடந்ததெல்லாம் மேலே தெரியும். பெரும்பாலும் ரப்பர்ப் பால் பிடிக்கும் பால் மங்குச் சில்லுகள். மண்ணெண்ணெய் விளக்கில் திரியை ஏற்றி இறக்கும் பித்தளைத் திருகு, கோலி சோடாப் பாட்டிலின் கழுத்து, குழந்தைக் கொலுசின் ஒற்றை மணி. ஒருமுறை சதுரமான ஒரு காசு கிடைத்தது. ஒரு பக்கம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் 1943. அந்த ஆண்டு இங்கே ஜப்பான்காரன் காலம். கையில் புழங்கியது அவன் அச்சிட்ட வாழைமர நோட்டு. ஆகவே போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பிய பிறகுதான் இந்தக் காசு நம் தோட்டத்துக்கு வந்து, யாருடைய மடியிலிருந்தோ நழுவியிருக்க வேண்டும்.

பலர் பொருளை எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கோ இடம்தான் முக்கியம். செக்ரோல் என்னும் ஆள் பேர்ப் பதிவேடு எழுதிய கை இது. எந்த வரிசையில் எந்த வாசலில் யார் குடியிருந்தார் என்பது இன்னும் மனப்பாடம். வளையிலிருந்து வரும் மண் அந்த வளையைச் சுற்றியிருந்த மண்தானே தவிர, அடுத்த தீம்பாரிலிருந்து, அதாவது மரக் காட்டிலிருந்து, வந்ததல்ல. குழாய் மேடையிலிருந்து எத்தனை அடி, மாமரத்துக்கு எந்தப் பக்கம் என்று குறித்துவைத்தால், பொருள் எந்த வீட்டுப் பின்கட்டில் விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அப்படித்தான் ஒரு செப்புத் தாயத்து. சுண்டுவிரல் நுனி அளவு குழல், இரு பக்கமும் மூடி, ஒரு வளையத்தில் அரைஞாண் கயிறு கோத்த தேய்மானம். தொப்புள்கொடியைக் காயவைத்து உள்ளே அடைத்துப் பிள்ளைக்குக் கட்டுவார்களே, அது. மூன்றாம் வரிசைக் கடைசி வாசல் இருந்த இடம். அந்த வீட்டுப் பெண் இப்போது சுங்கைப்பட்டாணியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கிராணி ஐயா, இதத் தொலைச்சதுக்குத்தான் எங்கம்மா தம்பிய விட்டுட்டு என்னையப் போட்டு விளக்குமாத்தால சாத்துனா” என்றார். தாயத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். இதில் கண்காட்சிக்கு வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவரும் உண்டு. கேட்கட்டும்.

வெளிநாட்டில் இதை முறையாகவே செய்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே எப்பியாக்கம் என்றொரு ரோமானியக் கோட்டை மண்ணுக்கடியில் கிடக்கிறது. சட்டப் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் கண்டபடி மண்வெட்டி போட முடியாது. ஆனால் அகழெலிகளுக்குச் சட்டம் ஏது? அவை தள்ளிய மண் குவியல்களை, தொண்டர்கள் அனுமதி பெற்றுச் சல்லடையில் சலித்து, பானை ஓடும் ஆணியும் மணியும் எடுத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 2021இல், ஒரு குகையில் வளைக்கரடி (பேட்ஜர்) என்னும் சிறு விலங்கு பறித்த இடத்தில் ரோமானிய நாணயங்கள் வெளிவந்தன; பிறகு ஆய்வாளர்கள் தோண்டி 200க்கும் மேல் எடுத்தார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பக்கத்துச் சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, பழங்கால இரும்பு உருக்கு உலைகளைக் கண்டார்கள். செம்பனைக் காட்டுக்குள் கிடந்த இடம் அது. இதே பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்னும் பழங்கோவில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013இல் வந்தபோது நாடே கொதித்தது. ஆயிரம் ஆண்டுக் கோவிலுக்கே அந்தக் கதி என்றால், லயத்துப் பால் மங்குக்கு யார் வக்காலத்து வாங்குவது? பழம்பொருள் என்று கருதத்தக்கதைக் கண்டெடுத்தால், மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ சொல்லவேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் சொல்கிறது. உண்மையிலேயே பழையது ஏதாவது அகப்பட்டால், வீட்டு அலமாரியில் பூட்டாமல் அதைச் செய்யுங்கள்.

இப்போது மோட்டார் சைக்கிளில் சில பையன்கள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு வருகிறார்கள். வளை வாயை மண்வெட்டியால் அகலமாக்கி, பித்தளையைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டு, சில்லுகளை மிதித்துப் போகிறார்கள். வேறு சிலர் வருவது, மருந்து என்று விற்கப்படும் முள்ளம்பன்றி வயிற்றுக் கல்லுக்காக. உரிமமில்லாமல் அதை வேட்டையாடுவது குற்றம், அவர்களுக்குத் தெரியாமலில்லை. வளைக்குள் கை விடவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம். வெளியே கிடப்பதை மட்டும் பொறுக்கி, இடத்தைத் தாளில் எழுதி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டாலே போதும்.

நிலத்துக்காரரிடம் நான் கேட்பது பெரிதல்ல. மண் தள்ளும் இயந்திரம் ஏறுவதற்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை மேட்டில் விடுங்கள். தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அலமாரி காலியாக இருக்கிறது; தலைமையாசிரியர் மனம் வைத்தால் அதுவே தாராளம். பழைய தோட்டத்துக்காரர்கள் எங்கிருந்தாலும் வாருங்கள், தங்கள் வாசல் எது என்று வந்து காட்டுங்கள். வரிசை வரிசையாக வாசல்களின் படத்தை நான் வரைந்து எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பீடோங், கெடா