அம்மாவின்ரை அறைக்கு எத்தினை ட்றைவோல் சீற்?

ஸ்காபரோ
மாசி 9

அன்பின் குகன்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. உன்ரை அம்மா உன்னோடை இருக்க மொன்றியலுக்கு வாறா எண்டதை வாசிச்சவுடனை எனக்கு அவ காய்ச்சுற ஒடியல் கூழ்தான் ஞாபகம் வந்தது. அவ வந்து ஒரு மாசத்துக்குள்ளை நான் அங்கை நிப்பன், சொல்லிப்போட்டன்.

பேஸ்மென்றிலை 12 அடிக்கு 10 அடியிலை அறை அடிக்கப்போறன், ட்றைவோலுக்கு, அதுதான் சுவருக்கும் சீலிங்குக்கும் அடிக்கிற ஜிப்சம் அட்டைக்கு, எவ்வளவு முடியும் எண்டு ஒற்றை வரியிலை கேட்டிருக்கிறாய். ஒற்றை வரியிலை பதில் வேணுமெண்டால்: சாமானுக்கு 500 டொலர் சொச்சம், வேலைக்கு அதைப்போலை மூண்டு மடங்கு. ஆனா என்ரை அப்பாவுக்கு அறை அடிக்கேக்கை நான் பட்ட பாட்டை நீயும் படக்கூடாது. அதாலை கொஞ்சம் விரிவா எழுதுறன்.

சீற் கணக்கு சுகம். சுற்றளவு 44 அடி, உயரம் 8 அடி, சுவர் 352 சதுர அடி. சீலிங் 120. மொத்தம் 472. ஒரு சீற் 4 அடிக்கு 8 அடி, அதாவது 32 சதுர அடி. பிரிச்சுப் பார், பதினைஞ்சுக்குக் கொஞ்சம் குறைய வரும். இதிலை கதவையும் சன்னலையும் மட்டும் கழிச்சுப்போடாதை. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரிக் கழிச்சு 14 சீற் வாங்கினனான். கதவுக்கு வெட்டின துண்டு பெரும்பாலும் வேறை இடத்துக்குப் பொருந்தாது. சட்டைக்குக் கழுத்து வெட்டின துணியிலை இன்னொரு சட்டை தைக்கேலுமே? சீலிங்கிலை கடைசி ரெண்டடி திறந்தபடி கிடக்க, மூண்டு சீற்றுக்காகத் திரும்பவும் மச்சானின்ரை வானை இரவல் கேட்டுக்கொண்டு நிண்டன். நகைக்கடையிலை சேதாரம் போடுற மாதிரி நூற்றுக்குப் பத்துச் சேர்த்து 17 எடு. ஒரு மூலை உடையும், ஒண்டு பிழையா வெட்டுப்படும், அது கட்டாயம் நடக்கும்.

அரை அங்குலச் சீற் ஒண்டு சாதாரண வகையிலை 25 கிலோவுக்குக் கிட்ட வரும், அரைப் பை சீமெந்து எண்டு வை. பதினேழும் எட்டுப் பைக்கு மேலை. லைற் வெயிற் எண்டு ஒண்டும் விக்கிறாங்கள், அது 18 கிலோ அளவிலை. சீலிங்குக்கு அதை வாங்கு. தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஸ்குரூ அடிக்கேக்கை அந்த ஏழு கிலோ என்னெண்டு விளங்கும். எங்கடை வயசு என்னெண்டும் விளங்கும்.

இனித்தான் விசயமே. சீற் மலிவு. காசும் காலமும் போறது ரெண்டு சீற் சந்திக்கிற இடத்திலை. அதாலை சதுர அடியைப் பாக்கிறதை விட்டிட்டு ஒரு கொப்பித் தாளிலை நாலு சுவரையும் சீலிங்கையும் கீறி, சீற்றுகளைப் படுக்கையா அடுக்கிப் பார். உன்ரை அறைக்கு நான் கீறிப் பாத்தன். சுவர் நடுவாலையும் மேலிருந்து கீழாயும் ஓடுற பொருத்து, மூலைகள், சீலிங்கும் சுவரும் சேருற இடம், சீலிங்கிலை வாறது எல்லாம் சேர்த்து 186 அடி. பொருத்தை மூட ஒட்டுற பேப்பர் ரேப் 250 அடிச் சுருள் ஒண்டு காணும்.

அந்த 186 அடியும் ஒரே மாதிரி இல்லை. சீற்றின்ரை நீளப் பக்க விளிம்பு ரெண்டும் மெலிசாச் சரிஞ்சு வரும். ரெண்டு நீளப் பக்கம் சேரேக்கை அதிலை ஒரு சின்னப் பள்ளம் விழும், ரேப்பும் அதுக்கு மேலை பூசுற கொம்பவுண்ட் எண்ட பசையும் அந்தப் பள்ளத்துக்குள்ளை அடங்கிப்போகும். கட்டைப் பக்கத்திலை அந்தச் சரிவு இல்லை. ரெண்டு கட்டைப் பக்கம் முட்டுற இடத்திலை ரேப் ஒட்டினால் அது மேடாத்தான் நிக்கும். அந்த மேட்டை மறைக்க ரெண்டு பக்கமும் ஒரு அடிக்கு மேலை கொம்பவுண்டை இழுத்துக்கொண்டு போகவேணும். உன்ரை அறையிலை அப்பிடி முட்டுறது 42 அடி. 12 அடிச் சீற் எடுத்தால் அந்த 42 அடியும் இல்லை. பதினொரு சீற்றோடை சுவரும் சீலிங்கும் முடியும். சேதாரம் கொஞ்சம் கூட, விலையும் கொஞ்சம் கூட, ஆனா ரேப் அடிக்கிறவர் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார். ஒரே கேள்வி, 12 அடிச் சீற் உன்ரை பேஸ்மென்ற் படியாலை இறங்குமோ? என்ரை வீட்டிலை படி பாதியிலை வளையுது, அதாலை எட்டடிதான்.

கொம்பவுண்ட் 17 லீற்றர் வாளி ஒண்டு இந்த அறைக்கு மட்டுமட்டாக் காணும். முதல் பூச்சுக்கும் வெடிப்பு அடைக்கவும் தண்ணியிலை குழைக்கிற தூள் ஒரு பை எடு, அது தொண்ணூறு நிமிசத்திலை இறுகும். ஸ்குரூ அறுநூறு போதும். ஹீற்றிங் குழாயை மறைக்கப் பெட்டி அடிக்கிறதெண்டால் அதின்ரை மூலைக்கு வைக்கிற கோர்னர் பீட் நாலு. நான் வாங்கின விலைக்குப் போட்டுப் பாத்தன்: சீற் 18 டொலர்ப்படி 306, கொம்பவுண்ட் 25, தூள் 20, ரேப் 7, ஸ்குரூ 18, பீட் 20, உரஞ்சுற தாளும் தடியும் 25, பிறைமர் 35. கூட்டினால் 456. எங்கடை 13 சதவீத வரியோடை 515. உங்களுக்கு மத்திய வரியும் மாகாண வரியும் சேர்ந்து ஏறக்குறைய 15 சதவீதம், பத்து டொலர் கூட வை. வீட்டை கொண்டந்து இறக்க வேறை காசு.

இப்ப கூலியைப் பார். முழுசும் செய்ய ஒருத்தர் 1,700 கேட்டார். சீற்றை நாங்களே அடிக்கிறம், பொருத்து வேலையை மட்டும் செய்யுங்கோ எண்டு கேட்டன், 1,100 எண்டார். அப்ப பதினேழு சீற்றையும் தூக்கி, வெட்டி, அடிச்சு முடிக்கிறது வெறும் 600! எனக்கு முதல் கோவம்தான் வந்தது. பேந்து அந்த மனுசன் வேலை செய்யிறதைப் பாத்தன். ஒரு நாள் ரேப்போடை முதல் பூச்சு, காய விட்டிட்டுப் போட்டார். அடுத்த நாள் அதைவிட அகலமாய் ரெண்டாவது. மூண்டாம் நாள் இன்னும் அகலமாய், கடதாசி மாதிரி மெலிசா. நாலாம் நாள் உரஞ்சல். ஒரு நாளிலை ரெண்டு மணித்தியால வேலைதான், ஆனா நாலு நாளும் வந்து போகவேணும். கொம்பவுண்ட் காயிற நேரத்துக்குத்தான் நாங்கள் காசு குடுக்கிறம். சின்ன அறையெண்டாலும் அந்த நாலு நாளும் குறையாது.

உடுப்பு அலுமாரிக்குள்ளை மட்டும் நான் என்ரை கையாலை பூசினன். பெயின்ற் அடிச்சாப்போலை ஒரு டோர்ச்சைச் சுவரோடை சாய்ச்சுப் பிடிச்சுப் பாத்தன். உழுத வயல்! கதவைச் சாத்தி விட்டிட்டன். நீ விலை கேக்கேக்கை பூச்சுத் தரம் “லெவல் 4” எண்டு கேள். சாதாரண பெயின்றுக்கு அது காணும். லெவல் 5 எண்டால் சுவர் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு, பளபளக்கிற பெயின்ற் அடிக்கிறவைக்குத்தான் அது தேவை.

ஒரு விசயம் பகிடியில்லை. உன்ரை வீடு 1971 இலை கட்டினது எண்டு முந்தி எழுதியிருந்தாய். அந்தக் காலத்துப் பொருத்துப் பூச்சிலை அஸ்பெஸ்ரோஸ் இருக்கலாம். கனடாவிலை அதுக்கு ஏறக்குறைய முழுத்தடை வந்ததே 2018 இலைதான். பழைய சுவர் ஏதும் உடைக்கிறதெண்டால் முதல் ஒரு துண்டை லாப்பிலை குடுத்துப் பாத்திட்டு உடை. அந்தக் காசை மிச்சம் பிடிக்காதை.

வீட்டைச் சூடாக்குற ஃபேர்னஸ் பக்கத்துச் சுவருக்கு 5/8 அங்குல டைப் எக்ஸ் எண்ட நெருப்புத் தாங்குற சீற் போடு. ஜிப்சத்தின்ரை எடையிலை ஐஞ்சிலை ஒரு பங்கு தண்ணி. நெருப்புப் பிடிச்சால் அந்தத் தண்ணி ஆவியாகி முடியுமட்டும் பின்னாலை இருக்கிற மரம் அவ்வளவாச் சூடேறாது. டைப் எக்ஸிலை கண்ணாடி நாரும் கலந்திருக்கிறதாலை சீற் கெதியிலை உதிராது. படுக்கை அறையெண்டபடியாலை சன்னலையும் பார். நெருப்பு எண்டால் ஆள் வெளியாலை வரத்தக்கதா, திறந்தால் 0.35 சதுர மீற்றர் இடைவெளி வேணும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. அடிச் சீற் நிலத்திலை முட்டக்கூடாது, அரை அங்குலம் தூக்கி அடி. ஏலுமெண்டால் இந்தப் பங்குனி, சித்திரையிலை பனி உருகிற மட்டும் பொறு. சுவரிலை ஈரம் ஊறுதோ எண்டு கண்ணாலை பாத்திட்டு மூடு. என்ரை பக்கத்து வீட்டுக்காரர் பொறுக்கேல்லை, அடுத்த வருசம் அடியிலை இரண்டடி முழுக்க வெட்டி எறிஞ்சார்.

அம்மாவுக்குப் பிடிச்சு எழும்பக் கட்டிலுக்குப் பக்கத்திலையும் குளிக்கிற அறையிலையும் கைபிடி வைப்பாய்தானே? அந்த இடங்களிலை ஸ்ரட்டுக்கு, அதுதான் சுவருக்குள்ளை நிக்கிற சட்டங்களுக்கு, நடுவிலை ஒரு பலகையை அடிச்சிட்டு அதுக்கு மேலை சீற் போடு. வெறும் ட்றைவோலிலை ஸ்குரூ நிண்டாலும் ஆள் பிடிச்சு இழுத்தால் நிக்காது. மூட முதல் எல்லாச் சுவரையும் ஃபோனிலை படம் எடுத்து வை.

இதை நான் படிச்சது அப்பாவாலை. அவர் வந்த கிழமை சுவரை விரலாலை தட்டிப் பாத்தார். கோண்டாவில் வீடு கட்டேக்கை ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாத்து வாங்கின மனுசன். “உள்ளுக்கு ஒண்டுமில்லையடா தம்பி, அட்டை” எண்டார். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனாப்போலை என்ரை அம்மாவின்ரை படத்தைக் கொழுவ ஆணி அடிச்சிருக்கிறார். ஆணி ஒரே அடியிலை உள்ளுக்குப் போட்டுது, படம் இரவு விழுந்து கண்ணாடி உடைஞ்சுது. பேந்து 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்ரட் இருக்கு எண்டு காட்டிக் குடுத்தன். இப்ப ஸ்ரட் தேடுற என்ரை மெசினை அவர் தொடுறதேயில்லை. தட்டிக்கொண்டே போவார், சத்தம் மாறின இடத்திலை பென்சிலாலை ஒரு புள்ளி வைப்பார். இன்னும் ஒருக்காலும் பிழைக்கேல்லை.

படி வளைவின்ரை அகலத்தையும் உயரத்தையும் அளந்து அனுப்பு. 12 அடி இறங்குமெண்டால் கணக்கை மாத்தி எழுதுறன். அப்பா உன்ரை அம்மாவை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
சிவா