மோட்டார்கொட்டகைக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சிக்கனத்துக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் லாப நோக்கமில்லாமல் உழைக்கும் தொண்டு நிறுவனங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கூடவே வந்த படங்களில் பள்ளிக்கூட மண்டபம், பேனர், பிள்ளைகள் கையில் எல்.இ.டி. பல்பு, இவ்வளவுதான் இருந்தது. டெல்டாக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மின்சாரம் போவது பல்பில் இல்லை.

நான் மன்னார்குடி வட்டத்தில் மூன்று ஏக்கரில் பில்டர் பாயிண்ட் (ஆழம் குறைந்த குழாய்க்கிணறு) வைத்து குறுவை நெல் செய்கிறவன். 5 எச்.பி. மோட்டார், மணிக்கு மூன்றரை யூனிட் இழுக்கும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டுகளில் நாற்றங்காலில் இருந்தே அந்த மோட்டாரை நம்பித்தான் பிழைப்பு. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 35 யூனிட். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கென்று அரசு 2016-இல் இலவசமாகத் தரத் தொடங்கிய 100 யூனிட்டை மோட்டார் மூன்றே நாளில் முழுங்கிவிடும். நானும் வீட்டில் 75 வாட் மின்விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட் விசிறி மாட்டியிருக்கிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டை அண்டாவை அடைக்காமல் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தால் எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பெண்களும் ஒரு பையனும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். மோட்டாருக்கு எவ்வளவு கரண்டு போகிறது என்று அளக்க வேண்டும் என்றார்கள். அளப்பது என்றாலே எங்கள் ஆட்களுக்குக் கட்டணம் போடும் மீட்டர்தான் நினைவுக்கு வரும். "சித்தப்பா, கையெழுத்து கிய்யெழுத்துப் போட்டுடாதீங்க" என்று பக்கத்து வயல்காரர் வரப்பில் இருந்தே கத்தினார். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1970களில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடி, துப்பாக்கிச்சூட்டில் உயிரையும் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எம்.ஜி.ஆர். காலத்தில் சிறு விவசாயிகளுக்கும், கலைஞர் 1989-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் எல்லோருக்குமாகக் கிடைத்தது இலவச மின்சாரம். 2020-21 டெல்லி விவசாயிகள் போராட்டத்தில்கூட, மின்சாரச் சலுகைக்கு வேட்டு வைத்துவிடும் என்று பயந்த மின்சாரத் திருத்த மசோதா வேண்டாம் என்பது ஒரு கோரிக்கை. அதனால், அளக்க வரும் எந்த நிறுவனமும் கட்டணத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். நானும் கொட்டகைக் கதவைத் திறந்தேன்.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் கருவி), ஒரு 200 லிட்டர் டிரம், கைபேசியில் ஸ்டாப்வாட்ச். டிரம் நிறைய 25 நொடி ஆனது. அப்படியென்றால் நொடிக்கு 8 லிட்டர். உறிஞ்சும் ஆழம், கொட்டும் உயரம், பைப்பின் உராய்வு எல்லாம் சேர்த்து 9 மீட்டர் என்று கணக்குப் போட்டார்கள். அவ்வளவு தண்ணீரை அவ்வளவு உயரம் தூக்க 700 வாட் போதுமாம். என் மோட்டார் இழுத்ததோ 3,500 வாட். ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போயிருக்கிறது. நல்ல பம்புசெட்டே பாதியளவுதான் தரும், அது வேறு விஷயம். ஆனால் ஐந்தில் ஒன்று என்றபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

காரணங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். டெலிவரி பைப்பை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தேன். தண்ணீர் உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தால்தான் எங்களுக்கெல்லாம் பெருமை. அந்த உயரத்துக்கும் சேர்த்து மோட்டார் வேலை செய்கிறது என்று யோசித்ததே இல்லை. சடாரென்று திரும்பும் எல்போ மூன்று, உள்ளே துருவேறிய பழைய ஜி.ஐ. இரும்புப் பைப், தேய்ந்துபோன இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்). பைப்பை வாய்க்கால் மட்டத்துக்கு இறக்கி, எல்போவை மெதுவாக வளையும் நீள பெண்டாக மாற்றி, பி.வி.சி. போட்டு, இம்பெல்லரையும் புதுசாக்கினேன். டிரம் 17 நொடியில் நிறைந்தது. ஆறு மணி நேரம் பாய்ந்த ஏக்கர் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே பாய்ந்து முடிகிறது.

சரி, கரண்டுக்குத்தான் காசே இல்லையே, மிச்சம் பிடித்து என்ன லாபம் என்று கேட்பீர்கள். மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறவர்கள் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். ஒரே டிரான்ஸ்பார்மர். வோல்டேஜ் இறங்கும், மோட்டார் கூடுதல் கரண்டு இழுக்கும், உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அதாவது காயில், கருகும். மின்சாரம் இலவசம், காயில் இலவசமில்லையே. நிலத்தடி நீர் இன்னொரு கவலை. கடலோர வேதாரண்யம் பக்கம் உறவுக்காரர் போர்வெல்லில் உப்புத்தண்ணீர் வருகிறது, இனி அதை வைத்து அவர் என்ன செய்ய முடியும்?

இதில் யாருமே கண்டுகொள்ளாத ஆள் ஒருவர் இருக்கிறார். டவுனில் காயில் கட்டுபவர். கருகிய காயிலை எடுக்க ஸ்டேட்டரை (காயில் சுற்றியிருக்கும் இரும்புத் தகடு அடுக்கை) நெருப்பில் போட்டு எரிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அப்படி எரித்தால் தகடுகளுக்கு இடையில் உள்ள காப்பு போய்விடும். அப்புறம் எத்தனை நல்ல செம்புக் கம்பி சுற்றினாலும் மோட்டார் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். கம்பியின் கேஜை, அதாவது தடிமனை, மாற்றிச் சுற்றுவதும் நடக்கிறது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, காலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மாலையில் வேண்டும் என்று நிற்கிறவர்கள் நாம்தான். ஒரு பட்டறைக்காரருக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தால் அவர் கைவழியாக வருஷத்துக்கு எத்தனை மோட்டார் போகும்! ஆயிரம் துண்டறிக்கை அதற்கு ஈடாகாது.

எரிசக்திச் சிக்கனச் சட்டம் 2001-இல் வந்துவிட்டது. அதன்படி 2002-இல் தொடங்கிய மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் விவசாயப் பம்புசெட்டுக்கும் நட்சத்திர முத்திரை வைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்து மங்கள்வேடாவில் பழைய பம்புகளையே மொத்தமாக மாற்றிப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் "அண்ணே, விலை கம்மியா ஒண்ணு இருக்கு, எடுத்துக்கங்க" என்பதோடு சரி. சோலார் பம்பு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். வெயில் அடிக்கும்வரை யார் அணைக்கப் போகிறார்கள் என்பது என் சந்தேகம்.

எங்கள் ஊருக்கு வந்த அந்தப் பிள்ளைகள் திட்டம் முடிந்ததும் போய்விட்டார்கள். டாங் டெஸ்டரும் அவர்களோடு போய்விட்டது. தொண்டு நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய தொகை இல்லை. போகும்போது அந்தக் கருவியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்துவிட்டு, அளக்கத் தெரிந்த ஊர்ப் பையன் ஒருவனையும் பழக்கிவிட்டுப் போங்கள். டிசம்பர் 14 எரிசக்திச் சேமிப்பு நாளுக்குத்தான் வர முடியும் என்றால், அன்றைக்காவது மண்டபத்தை விட்டுவிட்டு வரப்பில் நடந்து வாருங்கள். சேறு இருக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், இரண்டையும் பெருக்கி அதைப் பத்தால் பெருக்கினால் தண்ணீரைத் தூக்க மட்டும் தோராயமாகத் தேவைப்படும் வாட். இதை அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டி, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வெட்டிக் கொட்டகைக் கதவில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு குறுவை விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்