உலக சாம்பியன் யார் என்று யாருக்குமே தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூடியூப் பிரபலங்கள் மேடை ஏறுவதால் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் புதுவாழ்வு கிடைத்துவிட்டது என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. வாலிப வயதில் மாநில அளவில் கிளவுஸ் மாட்டிய ஆள் நான். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ராயபுரத்தில் சாயங்கால வேளைகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறேன். படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

2024 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த முன்னாள் ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) சாம்பியன் மைக் டைசன் - யூடியூப் பிரபலம் ஜேக் பால் சண்டையைக் கட்டுரை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தது. நமக்கு அது சனிக்கிழமை காலை. பயிற்சியை நிறுத்திவிட்டு, பையன்களோடு சேர்ந்து ஒரே செல்போனில் நானும் பார்த்தேன். டைசனுக்கு 58 வயது, எதிரில் நின்றவருக்கு 27. மூன்று நிமிட ரவுண்டை இரண்டு நிமிடமாக்கி, மொத்தம் எட்டே ரவுண்டு வைத்தார்கள். ஹெவிவெயிட்டுக்கு வழக்கமான 10 அவுன்ஸ் கிளவுஸுக்குப் பதில் 14 அவுன்ஸ். மூன்றாவது ரவுண்டிலேயே டைசனுக்குக் கால் வரவில்லை. அதற்கப்புறம் குத்தியதைவிடக் கிளவுஸைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். கடைசி மணி அடிக்கப் போகிற நேரத்தில் ஜேக் பால் அவருக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடியில் சாய்த்த மனிதர், அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

“இதுதான் பாக்ஸிங்கா வாத்தியாரே?” என்று ஒரு பையன் கேட்டான். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜோ லூயிஸ், சுகர் ரே ராபின்சன் காலத்தில் எடைப் பிரிவுகள் எட்டு. பெரும்பாலும் பிரிவுக்கு ஒரே சாம்பியன். அந்த எட்டில் மூன்று பட்டங்களை 1938-ல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார் என்றால், அது எவ்வளவு பெரிய சாதனை என்று யோசித்துப் பாருங்கள். இன்று எல்லா அமைப்புக்கும் பொதுவான பிரிவுகளே 17. டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று பட்டம் கொடுக்கும் அமைப்புகள் நான்கு. பெருக்கினால் 68 பெல்ட், அதாவது 68 சாம்பியன் பட்டம். போதாததற்கு டபிள்யூ.பி.ஏ. ஒரே பிரிவில் ‘சூப்பர்’ சாம்பியன் ஒருவரையும் ‘ரெகுலர்’ சாம்பியன் ஒருவரையும் வைத்திருக்கும். பட்டத்துக்கான ஒவ்வொரு சண்டையிலும் வீரரின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு அந்த அமைப்புக்குப் போகிறது. பெல்ட் கூடக் கூட வரும்படியும் கூடும். இந்தக் கணக்கு இருக்கிறவரை பெல்ட்டுகள் குறையப் போவதில்லை.

2024 மே 18-ல் ரியாத்தில் ஒலெக்சாண்டர் உசிக், டைசன் ஃப்யூரியை வென்று நான்கு பெல்ட்டையும் ஒன்று சேர்த்தார். லென்னாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் போட்டியில்லாத சாம்பியன் என்று ஒருவர் வந்ததே அன்றுதான். இடைவெளி ஏறக்குறைய கால் நூற்றாண்டு. அந்தப் பெருமையாவது நிலைத்ததா? ஃப்யூரியோடு மறுசண்டைக்கு ஒப்பந்தம் இருந்ததால், அடுத்து மோத வேண்டும் என்று ஐ.பி.எஃப். குறித்த ஆளோடு அவரால் மோத முடியவில்லை. ஆறு வாரம் ஆவதற்குள் அந்த பெல்ட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மேடையில் யாரிடமும் தோற்காமலே ஒருவர் பட்டத்தை இழக்கும் விளையாட்டில், ‘சாம்பியன்’ என்று தலைப்புப் போட்டால் வாசகன் எதை நம்புவான்?

பெல்ட்டைவிடப் பெரிய நோய் ஒன்று உண்டு. தோல்வியைக் கண்டு பயப்படுவது. 1943 பிப்ரவரி 5-ல் டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் ராபின்சன் தோற்றார். தொழில்முறையில் அதுதான் அவருக்கு முதல் தோல்வி. எட்டாவது ரவுண்டில் கயிற்றைத் தாண்டி வெளியே போய் விழுந்தார். இன்றைய மேனேஜராக இருந்தால் ஒரு வருஷம் ஓய்வு, பிறகு நோஞ்சான் ஆள் நான்கு பேரைத் தேடிப் பிடித்திருப்பார். ராபின்சன் என்ன செய்தார்? அதே ஊரில், அதே மாதம் 26-ம் தேதி, அதே லமோட்டாவை எதிர்த்து நின்று வென்றார். இருவரும் மொத்தம் ஆறு முறை மோதினார்கள், ஐந்தில் ராபின்சனுக்கு வெற்றி. அவரைத்தான் எடைப் பிரிவு பாராமல் எக்காலத்துக்கும் தலைசிறந்த வீரர் என்கிறோம். வாழ்நாள் கணக்கில் அவருக்குத் தோல்விகள் 19.

இதற்குப் பக்கத்தில் நம் காலத்தின் இரு பெரிய வீரர்களான மேவெதர் - பக்கியாவ் கதையை வையுங்கள். 2009 கடைசியில் இருவரையும் மோதவைக்கும் பேச்சு தொடங்கியது. ரத்தப் பரிசோதனை விவகாரத்தில் முறிந்தது. 2015 மே 2-ல் ஒருவழியாக மேடை ஏறியபோது ஒருவருக்கு வயது 38, மற்றவருக்கு 36. வீட்டில் உட்கார்ந்து பார்க்க அமெரிக்காவில் ஏறக்குறைய 100 டாலர் கட்டணம். பன்னிரண்டு ரவுண்டும் முடிந்தபோது, ஐந்து வருஷம் முன்னால் நடந்திருக்க வேண்டிய சண்டை இது என்ற ஏக்கம்தான் மிஞ்சியது. மேவெதரின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் தோளைத் திருப்பிக் குத்தை வழுக்கவிடுவதைப் பையன்களுக்குக் காட்டியே கற்றுக்கொடுக்கிறேன். ஆனால் அவருடைய 50-வது வெற்றி, அதுவரை தொழில்முறைக் குத்துச்சண்டை ஒன்றுகூட ஆடாத, கூண்டுச் சண்டை வீரர் கானர் மெக்ரெகருக்கு எதிராக வந்தது. அதை ராக்கி மார்சியானோவின் தோல்வியே இல்லாத 49 வெற்றிகளை மிஞ்சியதாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். இது எனக்குச் சம்மதமில்லை.

சண்டை போட்டால்தான் சண்டை கைக்கு வரும் என்று என் வாத்தியார் சொல்வார். ஜோ லூயிஸ் 1941-ல் மட்டும் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஏழு முறை மேடை ஏறினார். முகமது அலி 1966-ல் ஐந்து முறை. இன்றைக்கு ஹெவிவெயிட் சாம்பியன் வருஷத்துக்கு இரண்டு முறை வந்தாலே பெரிய விஷயம். கிட்டத்தில் நின்று குத்துவது, கட்டிப்பிடித்தவனிடமிருந்து கையை உருவி விலாவில் போடுவது, ஏமாற்றுக் குத்து இதெல்லாம் மேடையில்தான் கைக்கு வரும். பழக்கம் விட்டால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபரில் ரியாத்தில் பார்த்தோம். வாழ்க்கையில் முதல்முறையாகக் குத்துச்சண்டை மேடைக்கு வந்த கூண்டுச் சண்டை வீரர் ஃபிரான்சிஸ் ஙன்னூ, மூன்றாவது ரவுண்டில் ஃப்யூரியைத் தரையில் உட்கார வைத்தார். ஃப்யூரி அன்று டபிள்யூ.பி.சி. சாம்பியன். நடுவர்கள் ஒத்த கருத்தில்லாமல்தான் அவருக்கு வெற்றி கொடுத்தார்கள்.

எண்பதுகளில் லெனார்டு, டுரான், ஹெர்ன்ஸ், ஹாக்லர் நான்கு பேரும் தங்களுக்குள்ளேயே ஒன்பது முறை மோதினார்கள். நால்வரில் ஒருவர்கூட மற்றவரிடம் தோற்காதவர் இல்லை. அதனால் யாருடைய பெயரும் கெடவில்லை. 1985-ல் நடந்த ஹாக்லர் - ஹெர்ன்ஸ் சண்டையை, கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர் கொண்டுவந்த கேசட்டில், வாடகைக்கு வி.சி.ஆர். எடுத்துப் பார்த்தோம். முதல் ரவுண்டிலேயே ஹெர்ன்ஸுக்கு வலதுகை எலும்பு உடைந்தது. ஹாக்லருக்கு நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. மூன்றாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டுக் காயத்தைக் காட்டினார். சண்டையை முடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஹாக்லர் அப்படியே பாய்ந்து போய் ஹெர்ன்ஸைச் சாய்த்தார். எல்லாம் சுமார் எட்டு நிமிடம். கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டி, ஹாக்லர் காலை எங்கே வைக்கிறார் என்று பார்த்தோம். நான் கற்றதில் பாதி அந்தத் திரையில் கற்றதுதான்.

பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதி, 14-வது ரவுண்டில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்தார். அதன்பின் 15 ரவுண்டு 12 ஆனது. அது நியாயம்; திரும்பப் பழையபடி ஆக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயதானவரை மேடை ஏற்றிய பாவமும் அன்றைக்கு உண்டு. 1980 தொடக்கத்தில், எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். நான் கேலரியில் இருந்தேன். இடுப்பு பருத்திருந்தது, கால் முன்போல் எழவில்லை. ஆனாலும் கூட்டம் அவரைக் கொண்டாடியது, அது வெறும் காட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில் 38 வயதில் அவரை அன்றைய சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு எதிராக நிஜச் சண்டைக்கே இறக்கினார்கள். பத்து ரவுண்டு அடி வாங்கிய பிறகு நிறுத்தினார்கள். ஜெயித்த ஹோம்ஸே அழுதார். அன்றைக்கு உலகம் அதை அவமானம் என்று எழுதியது. டெக்சாஸ் சண்டையைப் புதுவாழ்வு என்று நாம் எழுதுகிறோம். என் வருத்தம் இதுதான்.

அதே டெக்சாஸ் மேடையில், அதே இரவில், டைசனுக்கு முன்னால் கேட்டி டெய்லர், அமாண்டா செரானோ என்ற இரண்டு வீராங்கனைகள் பத்து ரவுண்டு ஆடினார்கள். கண்ணுக்கு மேல் கிழிந்து ரத்தம் கொட்டியும் செரானோ ஒரு அடி பின்வாங்கவில்லை. என் பையன்கள் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தது அந்தச் சண்டையைத்தான். தங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரி.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி யாரையாவது ‘உலக சாம்பியன்’ என்று போடும்போது, எந்த அமைப்பின் சாம்பியன், கடைசியாக மோதிய ஐந்து பேர் யார் யார் என்பதையும் கூடவே போடுங்கள். இரண்டு வரிதான் பிடிக்கும். அடுத்த அரைப் பக்கத்தை டெய்லர், செரானோ போன்றவர்களுக்கு ஒதுக்குங்கள். வெட்டி எடுத்து எங்கள் பயிற்சிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் குத்துச்சண்டை வீரர்,
ராயபுரம், சென்னை